சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும்: நைட்டிங்கேல் அம்மையார் காட்டிய வழி

சத்திரசிகிச்சை என்றதும் நமது நினைவுக்கு வருவது வைத்தியரின் கத்தியே. ஆயினும் நோயாளி பிழைப்பது, கத்தி உடலைத் தொடுவதற்கு முந்திய மணித்தியாலங்களிலும் அதற்குப் பிந்திய மணித்தியாலங்களிலும் பெரிதும் தங்கியிருக்கின்றது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். விளக்கேந்திய சீமாட்டியாகவே பாடப் புத்தகங்கள் அவரை நமக்கு அறிமுகப்படுத்தின. எனினும் அந்த விளக்கைவிடப் பெறுமதியான பொருளொன்று அவரது வரலாற்றில் உண்டு. அது ஒரு சாதாரண மறைப்புத் திரை.

1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வந்த ஆங்கிலேயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்கும் சூட்டப்பட்டது. தாதித் தொழில் கௌரவமான குடும்பப் பெண்களுக்கு ஏற்றதல்ல எனக் கருதப்பட்ட காலம் அது. குடும்பத்தினரின் எதிர்ப்பையும் மீறி, 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில், நோயுற்ற பெண்களுக்கான சிறிய வைத்தியசாலையொன்றின் பொறுப்பை ஏற்றார்.

1853 முதல் 1856 வரை நடைபெற்ற கிரிமிய யுத்தத்தில் பிரித்தானியாவும் பிரான்ஸும் உஸ்மானிய சாம்ராஜ்யத்தின் பக்கம் நின்று ரஷ்யாவை எதிர்த்தன. இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், உஸ்குதாரில் இருந்த உஸ்மானியப் படைமுகாமொன்று பிரித்தானியரின் இராணுவ வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. 1854 நவம்பர் 4ஆம் திகதி, 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அங்கு சென்றடைந்தார்.

சத்திரசிகிச்சைக்கெனத் தனி அறை இல்லாமையால், நோயாளர் விடுதியின் நடுவிலேயே கை, கால்கள் துண்டிக்கப்பட்டன. நாளை கால் இழக்கவிருந்த வீரன், இன்று தன் தோழன் கத்தியின் கீழ் மடிவதைப் பார்த்தபடி படுத்திருந்தான். அந்த அதிர்ச்சியே அவன் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும் என்பதை நைட்டிங்கேல் கண்டுகொண்டார். ஆகவே மறைப்புத் திரையொன்றுக்கு ஏற்பாடு செய்தார். குருதியிழந்து சோர்ந்திருந்த இன்னொரு வீரன், கால் அகற்றப்பட்டு வைத்தியர்கள் அகன்ற பத்து நிமிடங்களில் உயிர்நீத்ததையும் அவர் கண்டார். சத்திரசிகிச்சை முடிந்த கணத்தில் ஆபத்து முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அம்மரணம் சாட்சியாயிற்று.

1855 பெப்ரவரியில் அங்கு அனுமதிக்கப்பட்டோரில் 100க்கு ஏறக்குறைய 42 பேர் மரணித்தனர். பலரைப் பலிகொண்டவை காயங்களல்ல, தொற்றுநோய்களே. மார்ச் மாதத்தில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கும் வழிசெய்தது. ஜூன் அளவில் மரணவீதம் 100க்கு 2 ஆகக் குறைந்தது. இதன் பொருளை நைட்டிங்கேல் முழுமையாக உணர்ந்தது, யுத்தத்தின் பின்னர் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் ஃபாருடன் கணக்குகளை ஆராய்ந்தபோதே. தாம் இரவு பகலாகப் பராமரித்த வீரர்களை மடியச் செய்ததில் வைத்தியசாலையின் அசுத்தத்துக்குப் பெரும் பங்குண்டு என்ற கசப்பான உண்மையை அவர் மூடிமறைக்கவில்லை. அதையே சீர்திருத்தத்துக்கான ஆயுதமாக்கினார்.

1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவரது பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. 1863இல் வெளியான, வைத்தியசாலைகள் பற்றிய தமது நூலின் பதிப்பில், சத்திரசிகிச்சைக்கூடத்தை ஒட்டிய சிறு அறையில், சிகிச்சையின் உடனடிப் பாதிப்பிலிருந்து தேறும்வரை நோயாளியை வைத்திருக்கும் வழக்கத்தை அவர் எடுத்துரைத்தார். இன்றைய மீட்பு அறையின் முன்னோடி அதுவே. ஒவ்வொரு சத்திரசிகிச்சையின் பின்னரும் ஏற்படும் சிக்கல்களையும் முடிவையும் எல்லா வைத்தியசாலைகளும் ஒரே முறையில் பதிவுசெய்ய வேண்டுமெனவும் வலியுறுத்தினார்.

1910 ஆகஸ்ட் 13ஆம் திகதி, தமது 90ஆவது வயதில் அவர் காலமானார். அவர் பிறந்த தினமே சர்வதேச தாதியர் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியின் அச்சத்தைத் தணிப்பதும், பின்னர் மூச்சையும் நாடித்துடிப்பையும் குருதிக் கசிவையும் இடைவிடாது கவனிப்பதும் இன்றும் தாதியரின் கைகளிலேயே உள்ளன. நவீன சத்திரசிகிச்சைக்கூடங்களைத் திறந்துவைத்துவிட்டு, கண்விழித்துக் காக்கும் தாதியரின் எண்ணிக்கையில் சிக்கனம் காட்டுவது எந்த நாட்டுக்கும் இலாபமாகாது. அந்தச் சிக்கனத்தின் விலையைச் செலுத்துபவர், கட்டிலில் கிடக்கும் நோயாளியே.