லேவ் லந்தாவு

லேவ் தவீதொவிச் லந்தாவு (ஜனவரி 22, 1908 – ஏப்ரல் 1, 1968) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த கோட்பாட்டு இயற்பியலாளர் ஆவார். மிகக் குளிர்ந்த நீர்ம ஹீலியம் நுண்ணிய இடுக்குகளின் ஊடே தடையின்றிப் பாய்வதற்கான காரணத்தையும், அதில் ஒலி பரவும் விதத்தையும் விளக்கியவர். இதற்காக 1962 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

வாழ்க்கை

லந்தாவு பக்கூ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை எண்ணெய்த் துறைப் பொறியாளர், தாய் மருத்துவர். 14ஆவது வயதிலேயே பக்கூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் லெனின்கிராடில் பயின்று, கோபனாகனில் நீல்சு போரிடம் சில காலம் பணியாற்றினார். 1932 இல் கார்க்கொவ் நகருக்கும், 1937 இல் மாஸ்கோவில் பியோத்தர் கபீத்சா நடத்திய ஆய்வு நிறுவனத்துக்கும் சென்றார்.

சிறையும் விடுதலையும்

2.17 கெல்வினுக்குக் கீழே நீர்ம ஹீலியம், மெருகிட்ட இரு கண்ணாடித் தட்டுகளுக்கு இடையிலுள்ள மிக நுண்ணிய இடுக்கில் பாகுநிலை அற்றதுபோல் பாய்வதைக் கபீத்சா கண்டறிந்து 1938 சனவரியில் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் ஆலனும் மைசனரும் இதையே தனியாகக் கண்டறிந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் லந்தாவு கைது செய்யப்பட்டார். ஸ்டாலினைக் கண்டித்த துண்டறிக்கை ஒன்றில் இவருக்குப் பங்கிருந்தது. அக்காலத்தில் இத்தகைய குற்றச்சாட்டிலிருந்து உயிருடன் மீண்டவர் சிலரே. ஹீலியத்தின் புதிரை விடுவிக்க லந்தாவு தேவை என்று கபீத்சா மொலட்டோவுக்கு எழுதினார். இவரது நடத்தைக்குத் தாமே பொறுப்பு என்று பெரியாவுக்கும் எழுதிக் கொடுத்தார். ஓராண்டுக்குப் பின், 1939 ஏப்ரலில், லந்தாவு விடுதலையானார். வழக்கு முறைப்படி நீக்கப்பட்டது 1990 இல்தான்.

மீப்பாய்மமும் ஒலியும்

கபீத்சா எதிர்பார்த்த விளக்கத்தை லந்தாவு 1941 இல் வெளியிட்டார். இதன்படி குளிர்ந்த ஹீலியம் ஒன்றோடொன்று கலந்த இரு பகுதிகளாக நடந்துகொள்கிறது. மீப்பாய்மப் பகுதிக்குப் பாகுநிலை இல்லை. இயல்புப் பகுதி பாகுநிலை உடையது, வெப்பத்தையும் சுமந்து செல்வது. இரு பாய்மக் கருத்தை டிசா 1938 இலேயே முன்வைத்திருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். லந்தாவு அவருக்கு உரிய பெருமையை அளித்தார் எனக் கூற இயலாது.

இரு பகுதிகளும் ஒன்றாக அசைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் வழக்கமான ஒலி பரவும். எதிரெதிராக அசைந்தால் அழுத்தத்துக்குப் பதிலாக வெப்பநிலை அலையாகச் செல்லும். இதுவே இரண்டாம் ஒலி. இதன் வேகம் நொடிக்குச் சுமார் 20 மீட்டர். அதிரும் தகட்டால் இதைத் தேடியவர்களுக்கு ஒன்றும் கிட்டவில்லை. வெப்பமூட்டியைப் பயன்படுத்திய பெஷ்கொவ் 1944 இல் கண்டறிந்தார்.

நுண்துளைப் பொருள்களில் நிலைமை மேலும் வியப்பானது. இறுகப் பொதிந்த நுண்பொடியில் ஹீலியத்தை நிரப்பினால், இயல்புப் பகுதி தன் பாகுநிலையால் துளைச் சுவர்களில் சிக்கி அசையாது நிற்கும். மீப்பாய்மப் பகுதி மட்டும் அசைவதால் எழும் அலைக்கு நான்காம் ஒலி என்று பெயர். 1959 இல் அட்கின்சு இதற்கான கோட்பாட்டை அளித்தார். 1962 இல் ருட்னிக்கும் சப்பீரோவும் சோதனையில் கண்டனர். வெப்பநிலை 2.17 கெல்வினை நெருங்குகையில் மீப்பாய்மப் பகுதி குறைவதால், இவ்வொலியின் வேகமும் சுழியத்தை நோக்கிக் குறைகிறது. எனவே வேகத்தை அளந்தே மீப்பாய்மத்தின் பங்கைக் கணக்கிடலாம்.

இறுதிக்காலம்

சனவரி 7, 1962 இல் நிகழ்ந்த வாகன விபத்தில் லந்தாவு படுகாயமுற்றுப் பல வாரங்கள் நினைவிழந்திருந்தார். நோபல் பரிசு மாஸ்கோவிலேயே வழங்கப்பட்டது. அதன்பின் இவரால் ஆய்வுக்குத் திரும்ப இயலவில்லை. 1968 ஏப்ரல் 1 அன்று மாஸ்கோவில் காலமானார்.