கமிஷனர் வேலையை விட்டு ஏட்டைப் புரட்டியவர்

கல்கத்தாவில் 1848-ல் பிறந்த ரமேஷ் சந்திர தத், 1868-ல் வீட்டுக்குச் சொல்லாமல் இரண்டு நண்பர்களோடு சீமைக்குக் கப்பலேறினார். ஒருவர் பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சுரேந்திரநாத் பானர்ஜி. மறு ஆண்டே ஐ.சி.எஸ். பரீட்சையில் மூன்றாவதாகத் தேறினார் தத், 1871-ல் உத்தியோகம்.

1874-ல் நதியா ஜில்லாவில் பஞ்ச நிவாரண வேலை. 1876-ல் வங்கக் கடலோரத்தைப் புயல் வாரிக்கொண்டு போனபோது தட்சிண ஷாபாஸ்பூர் தீவுக்கு அனுப்பப்பட்டார். பட்டினியை அருகில் நின்று பார்த்தவர். 1894-ல் பர்த்வான் டிவிஷனுக்குத் தற்காலிகக் கமிஷனர். அதுவரை இந்தியர் எவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்டவர் 1897-ல், 49-ம் வயதில், வேலையிலிருந்து விலகிவிட்டார். பென்ஷனை எண்ணி நாள் கடத்தும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்!

பிறகு லண்டன். யூனிவர்சிட்டி காலேஜில் இந்திய சரித்திர விரிவுரை. மற்ற நேரமெல்லாம் பார்லிமெண்ட் அறிக்கைகளும் வரிக் கணக்குகளும்தான். பஞ்சத்துக்குக் காரணம் மழை என்று சர்க்கார் சொல்லிவந்தது. மழை பொய்த்தால் தாங்கும் சக்தி குடியானவனுக்கு ஏன் இல்லை என்று தத் கேட்டார். நிலவரி அவனுடைய சேமிப்பைத் துடைத்துவிட்டது என்று, சர்க்காரின் சொந்தக் கணக்கைக் கொண்டே வாதாடினார். 1900-ல் கர்சன் பிரபுவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதங்களில் ஒன்று, நம் சென்னை ராஜதானியின் ரயத்துவாரி வரியைப் பற்றியது. பதில் சொல்லாமல் இருக்க முடியாமல் கர்சன் மாகாணங்களிடம் விளக்கம் கேட்டு, 1902 ஜனவரியில் நீண்ட தீர்மானமே வெளியிட்டார். தத்தின் வாதத்தை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். அந்த ஆண்டே தத்தின் இந்தியப் பொருளாதார வரலாற்றின் முதல் பாகம் வந்தது, 1904-ல் இரண்டாவது. ரயிலுக்குக் கொட்டிய பணத்தைப் பாசனத்துக்குக் கொடுக்கவில்லை என்பதும் அவருடைய குற்றச்சாட்டு. ரயில்வே சம்பளம் வாங்கும் எனக்கே அது நியாயமாகப் படுகிறது. ஆனால் வங்காளத்து ஜமீன்தாரி ஏற்பாட்டை அவர் அவ்வளவு புகழ்ந்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வரியை நிரந்தரமாக நிர்ணயித்தது ஜமீன்தாருக்கு நிம்மதி. உழுதவனுக்கு அந்த நிம்மதி எங்கே? இளம் அதிகாரியாக 1874-ல் வங்கக் குடியானவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவருக்கு இது தெரியாததா?

எழுதியதைச் செய்து பார்க்கும் வாய்ப்பும் வந்தது. 1904-ல் பரோடா மன்னர் கெய்க்வார் அவரை வருவாய் மந்திரியாக அழைத்தார். நீதி விசாரணையையும் நிர்வாகத்தையும் அங்கே தனித்தனியாகப் பிரித்தார்கள். 1907-ல் அதிகாரப் பரவல் பற்றிய ராயல் கமிஷனில் அங்கத்தினர். 1909-ல் பரோடா திவானாகத் திரும்பி வந்தவர், அவ்வருஷம் நவம்பர் 30-ந் தேதி அங்கேயே, வேலையில் இருக்கும்போதே காலமானார்.