மகாத்மாவைத் தேடி உலகைச் சுற்றிய தமிழர்

மகாத்மா காந்தி கையில் கோல் ஊன்றி விறுவிறு என்று நடக்கிறார். பின்னால் தொண்டர்கள் நடக்கிறார்கள். 1930-ம் ஆண்டு தண்டி யாத்திரையின் இந்தக் காட்சியைப் படத்தில் பார்த்தவர்கள் ஏராளம்.

இப்படிப்பட்ட காட்சிகள் ஒரு காலத்தில் பல தேசங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து, ஒரே படமாகக் கோத்து, மக்களுக்குக் காட்டியவர் ஒரு தமிழர்.

அவர்தான் ஏ.கே. செட்டியார்.

பக்கத்து ஊரில் படிப்பு

அவருடைய முழுப் பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். 1911-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, காரைக்குடிக்கு அருகில் உள்ள கோட்டையூரில் பிறந்தார். ஆனால் பள்ளிப் படிப்பு திருவண்ணாமலையில்!

விழுப்புரத்தில் ரெயில் ஏறினால் திருவண்ணாமலைக்குப் போகலாம். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் செஞ்சி வழியாகப் போகலாம். நமக்குப் பக்கத்து ஊரில் பாடம் படித்த அந்தச் சிறுவன்தான், பிற்காலத்தில் உலகத்தையே சுற்றி வந்தார்.

இளம் வயதிலேயே பர்மாவுக்குப் போனார். ரங்கூனில் "தனவணிகன்" பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். போட்டோக் கலையில் அவருக்கு ஆசை அதிகம். அதைக் கற்க ஜப்பான் சென்று டோக்கியோவில் படித்தார். அதோடு விடவில்லை. அமெரிக்காவுக்கும் போய் நியூயார்க்கில் படித்தார்.

கப்பலில் உதித்த எண்ணம்

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. அன்று காந்தி பிறந்த நாள். செட்டியார் நியூயார்க்கில் இருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். நடுக்கடலில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. காந்தியின் வாழ்க்கையை, நடிகர்கள் இல்லாமல், உண்மைக் காட்சிகளைக் கொண்டே படமாக எடுத்தால் என்ன?

அப்போது அவருக்கு வயது 26 கூட நிறையவில்லை. பெரிய பணக்காரரும் அல்ல. ஆனாலும் துணிந்து இறங்கினார்.

காந்தி தென் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர். லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். போன இடங்களில் எல்லாம் யார் யாரோ அவரைப் படம் பிடித்திருந்தார்கள். அந்தச் சுருள்கள் கம்பெனிகளின் பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. கேட்க ஆள் இல்லாவிட்டால் அவை அழிந்தே போயிருக்கும்.

செட்டியார் நாடு நாடாகப் போனார். சுமார் 3 ஆண்டுகளில் ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். 30 ஆண்டுக் காலத்தில் சுமார் 100 பேர் பிடித்த படங்களைத் தேடினார். சேர்ந்தது 50,000 அடிச் சுருள்!

வெட்டி ஒட்டும் வேலை

50,000 அடியையும் ஓட்டினால் 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? எதை வைப்பது, எதை விடுவது? எது முன்னே, எது பின்னே? சுருளை வெட்டி, ஒட்டி, வரிசைப்படுத்தி 12,000 அடியாகச் சுருக்கினார்கள். பூக்காரி உதிரிப் பூவை மாலையாகக் கட்டுவது போன்ற வேலை அது. கட்டிய பிறகுதான் அழகு தெரியும்.

1940-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "மகாத்மா காந்தி" படம் தமிழில் வெளிவந்தது. அது வெள்ளையர் ஆட்சி. யுத்த காலம் வேறு. அந்த நேரத்தில் காந்தி படத்தைக் கொட்டகையில் காட்டுவது சாதாரணக் காரியமா? பிறகு தெலுங்கிலும் இந்தியிலும் வந்தது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வந்தது.

தான் கண்டதை ஊருக்கும் காட்டினார்

பார்த்த நாடுகளைப் பற்றி எளிய தமிழில் பல புத்தகங்கள் எழுதினார். "உலகம் சுற்றும் தமிழன்" என்ற அவருடைய புத்தகத்தின் பெயரே அவருக்குப் பட்டமாக நிலைத்துவிட்டது. 1943-ல் தொடங்கிய "குமரி மலர்" பத்திரிகையைக் கடைசி வரை நடத்தினார். பழைய அரிய கட்டுரைகளைத் தேடிப்பிடித்து அதில் வெளியிட்டார். மற்றவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தொகுத்துப் புத்தகமாக்கினார்.

1983-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி அவர் காலமானார். அவர் பாடுபட்டு எடுத்த தமிழ்ப் படம் முழுமையாகக் கிடைக்காமல் போனது பெரிய நஷ்டம். ஆங்கிலப் படத்தின் பிரதி மட்டும் பிற்காலத்தில் அமெரிக்காவில் கிடைத்தது.

இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. போகும் இடமெல்லாம் முதலில் நம்மையே படம் பிடித்துக்கொள்கிறோம். கேமராக் கலையை இரண்டு தேசங்களில் படித்த செட்டியாரோ, தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாமல் ஒதுங்கியே நின்றார். அவர் காட்ட விரும்பியது காந்தியை. தான் பார்த்த உலகத்தை!