கிணற்றுத் தண்ணீரை நீராவியால் இறைத்தவர்



நீராவி எஞ்சின் என்றதும் எல்லாரும் ஜேம்ஸ் வாட் என்று சொல்லிவிடுவோம். நம் நாட்டிலேயே தன் கையால் நீராவி எஞ்சின் செய்து, அதை வைத்துக் கிணற்றுத் தண்ணீரை இறைத்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் அர்தேசீர் கர்செட்ஜி வாடியா. பம்பாயில் புகழ் பெற்றவர். நம்ம பக்கம்தான் அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இவர் 1808ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். வாடியா குடும்பத்தார் பரம்பரையாகக் கப்பல் கட்டுகிறவர்கள். எல்லாம் தேக்கு மரக் கப்பல்கள். 1817இல் இவர்கள் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்கு இலங்கையில் உள்ள திருகோணமலையின் பெயரை வைத்தார்கள். அந்தக் கப்பல் இங்கிலாந்தில் ஹார்டில்பூல் என்ற ஊரில் இன்றும் தண்ணீரில் நிற்கிறது. மரச்சிற்பம் செய்கிற நம்ம தம்மம்பட்டிக்காரங்க இதைக் கேட்டால் சந்தோஷப்படுவாங்க.

அர்தேசீர் 1822இல் கப்பல் தளத்தில் அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 14. அதாவது நம்ம ஒன்பதாம் வகுப்பு வயசு! ஆனால் அவர் மனசு மரத்தில் நிற்கவில்லை. எப்போது பார்த்தாலும் நீராவி, நீராவி என்றே இருந்தார்.

வாலிப வயதில் அவர் ஒரு குதிரைத் திறன் உள்ள நீராவி எஞ்சினைத் தானே செய்தார். இன்று மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அளவுதான். அது கிணற்றில் இருந்து தண்ணீரை இறைத்து ஒரு சின்ன நீரூற்றுக்குக் கொடுத்தது. இது என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீங்க. நம்ம ஊர்ப் பக்கமெல்லாம் அந்தக் காலத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். கரண்டு மோட்டார் என்பதே உலகத்தில் புழக்கத்துக்கு வராத காலம் அது.

நீராவி எஞ்சினில் கஷ்டமான இடம் எது தெரியுமா? பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டுவதுதான். நீராவி வெளியே போகப் போக உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே வரும். குறைந்து போனால் தகடு பழுத்து பாய்லர் வெடித்துவிடும். சரி, மூடியைத் திறந்து ஊற்றலாம் என்றால் முடியாது. விசில் வருகிற குக்கரை யாராவது திறப்பாங்களா? அதனால் உள்ளே இருக்கும் அழுத்தத்தை விட அதிக அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ள வேண்டும். அதற்கு ஊட்டு பம்பு என்று ஒன்று உண்டு. பொம்மை அளவு எஞ்சின் செய்கிறவர்கள் இதைப் பித்தளையில் கட்டைவிரல் அளவில் வீட்டிலேயே செய்கிறார்கள். ஒரு குழாய், அதற்குள் போய் வருகிற ஒரு கம்பி, இரண்டு வால்வு, அவ்வளவுதான். கம்பி பின்னால் வரும்போது முதல் வால்வு திறந்து தண்ணீர் உள்ளே வரும். முன்னால் போகும்போது அது மூடிக்கொண்டு, இரண்டாவது திறந்து தண்ணீர் பாய்லருக்குப் போகும். வால்வுக்குள் இருப்பது ஒரு சின்ன குண்டு. கிணற்று மோட்டாரில் புட்வால்வு செய்கிற அதே வேலை. ஏறின தண்ணீர் திரும்ப இறங்கக் கூடாது. குண்டு சரியாக உட்காரவில்லை என்றால் பம்பு சும்மா ஆடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் போகாது. கம்பியை மெல்லியதாக வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே விசையைச் சின்னப் பரப்பில் கொடுத்தால் அழுத்தம் கூடும். அறிவியல் பாடத்தில் படித்ததுதான்.

அர்தேசீருக்கு முன்பே, 1828இல், கல்கத்தா பக்கம் தித்தாகரைச் சேர்ந்த கோலக் சந்திரா என்ற கொல்லர், வெள்ளைக்காரர் உதவி இல்லாமல் ஒரு நீராவி எஞ்சின் செய்து 50 ரூபாய் பரிசு வாங்கினார். அவரையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

1833இல் அர்தேசீர் 60 டன் எடையில் இண்டஸ் என்ற கப்பலைக் கட்டி அதில் நீராவி எஞ்சின் பொருத்தினார். 1834இல் மசகானில் இருந்த தன் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வாயு விளக்கு போட்டார். அதைப் பார்க்க கவர்னரே வந்தார். வீட்டிலேயே ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையும் வைத்திருந்தார். 1839இல் மேற்கொண்டு படிப்பதற்காக இங்கிலாந்து போனார்.

திரும்பி வந்ததும் 1841 ஏப்ரல் 1ஆம் தேதி கம்பெனியின் பம்பாய் நீராவித் தொழிற்சாலைக்குத் தலைமை எஞ்சினியர் ஆனார். அவருக்குக் கீழே 4 ஐரோப்பிய மேஸ்திரிகள், 100 ஐரோப்பிய எஞ்சினியர்களும் பாய்லர் வேலைக்காரர்களும், சுமார் 200 இந்தியத் தொழிலாளர்கள். இந்தியர் ஒருவர் சொல்லி வெள்ளைக்காரர் வேலை செய்வதா? பம்பாய் டைம்ஸ் பத்திரிகை, எவ்வளவு படித்திருந்தாலும் இந்தியரால் இந்தப் பொறுப்பைப் பார்க்க முடியுமா என்று சந்தேகப்பட்டு எழுதியது. எனக்கு இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அவர் பத்திரிகையோடு மல்லுக்கு நிற்காமல் வேலையைப் பார்த்தார். 1857 வரை, 16 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். நடுவே 1851இல் லௌஜி ஃபேமிலி என்ற நீராவிக் கப்பலை விட்டார். அதன் பாகங்கள் அவருடைய சொந்தப் பட்டறையில் வார்த்தவை.

அந்தப் பத்திரிகை சந்தேகப்பட்ட அதே 1841இல், மே 27ஆம் நாள், லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் இவர்தான். இரண்டாவது இந்தியர் வருவதற்கு 77 வருஷம் ஆனது. அவர் யார் தெரியுமா? நம்ம பக்கத்து ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன், 1918இல்.

அர்தேசீர் கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற இடத்தில் வாழ்ந்து, 1877 நவம்பர் 16இல் காலமானார். 1969இல் இந்திய அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. வெளியிட்ட நாள் அதே மே 27.