கேம்பிறிட்ஜில் கற்றவர், தோட்டத்தை நினைத்தவர்

கடல் கடந்து கல்வி கற்று மீண்டோரைப் பற்றிப் பேசுங்கால், அன்னார் பெற்ற பட்டம் யாது, வகித்த பதவி யாது என்று வினாவுதல் உலக வழக்கு. அக் கல்வி யார்க்குப் பயன்பட்டது என்று வினாவுவோர் சிலரே. அவ் வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் தலைநகர்ச் செல்வர், மலைநாட்டவர் அல்லர். எனினும், நமுனுகுல மலைச்சாரலிலே கொழுந்து பறிப்போரின் மக்களுக்குத் தமிழ் கற்பிக்கும் யான், அவரை எம்மவர் என்றே எண்ணுகின்றேன். காரணத்தை அவர் வரலாறே புலப்படுத்தும்.

1853 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆந் திகதி கொழும்பிலே பொன்னம்பல முதலியாரின் மைந்தராய் அவர் பிறந்தார். குமாரசுவாமி, இராமநாதன் என்போர் தமையன்மார். தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமி இலண்டனிலே பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 1863 இல் வெளியிட்டவர். கலைப்புலவர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார். ஆங்கிலப் புலமையும் சைவ நெறியும் ஒன்றையொன்று பகையாத குடும்பம் அது.

பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிலே பயின்ற அருணாசலம், 1870 இல் அரசினர் புலமைப்பரிசில் பெற்று, பதினேழு வயதளவில் கேம்பிறிட்ஜ் நகரம் சென்று கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். காம் ஆற்றங்கரையில் அமைந்த அந் நகரிலே கல்லூரிகள் பல. பழைய கல்லூரி ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி முற்றமும் வழிபாட்டிடமும் உணவு மண்டபமும் உடையது. கிறைஸ்ட் கல்லூரியோ மகாகவி மில்ரனும் இயற்கை நூலறிஞர் டார்வினும் பயின்ற இடம். மில்ரன் பெயரால் வழங்கும் முசுக்கட்டை மரமொன்று இன்றும் அதன் தோட்டத்திலே நிற்கின்றது. ஆங்கிலத் திருச்சபையைச் சாராதார்க்குப் பல்கலைக்கழகப் பதவிகளை மறுத்து வந்த சமயக் கட்டுப்பாடும் 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. கதவுகள் திறந்துகொண்டிருந்த அக்காலத்திலே, திருநீற்று மரபில் வந்த ஈழத்து இளைஞர் அங்கே கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் கற்றுச் சிறந்தார்.

அந் நகரம் அவருக்கு அளித்த பெருஞ்செல்வம் ஒரு நட்பு. திரினிற்றி ஹோல் என்னுங் கல்லூரியில் ஆசிரியராயிருந்த எட்வேட் காப்பெண்டர் அவரினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். குருப்பட்டமும் பதவியும் துறந்து 1874 இல் கேம்பிறிட்ஜை விட்டு நீங்கிய காப்பெண்டர், வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குச் சென்று, பல்கலைக்கழகம் புகாத மக்களுக்கு விரிவுரை ஆற்றினார். நண்பர் சென்ற அவ் வழியை நினைவிற் கொள்வோமாயின், அருணாசலத்தின் பிற்கால வாழ்வு நன்கு விளங்கும்.

அருணாசலம் 1875 இல் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறினார். அப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்த முதல் இலங்கையர் அவரே. நீதிபதியாயும் பதிவாளர் நாயகமாயும் கடமையாற்றினார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவர் தலைமையில் நிகழ்ந்தது. அதன் அறிக்கை வரலாற்று மாணவர் இன்றும் நாடும் நூலாகும்.

பதவிச் சுமையால் அவர் பழைய நட்பை மறந்தாரல்லர். பகவத்கீதையின் மொழிபெயர்ப்பைக் காப்பெண்டருக்கு அளித்தவர் அவரே. 1890 இல் காப்பெண்டர் இலங்கைக்கு வந்தபோது, குருநாகலில் இராமசுவாமி என்னும் தமிழ் ஞானியாரிடம் அவரை அழைத்துச் சென்றார். கேம்பிறிட்ஜின் ஆசிரியர் ஈழத்திலே மாணாக்கராய் அமர்ந்து கேட்டனர். கேட்டவற்றை 1892 இல் வெளிவந்த தம் பயண நூலிலே எழுதினர். கற்ற ஊருக்குக் கற்பிக்கத் தன்னிடமும் பொருளுண்டு என்னுந் துணிவு அடிமை நாட்டு மாணவனுக்கு எளிதில் வாய்ப்பதன்று. திருவாசகத்தின் பகுதிகளை ஆங்கிலத்தில் ஆக்கிய அருணாசலத்துக்கு அது வாய்த்தது.

தாம் துய்த்த பல்கலைக்கழக வாழ்வு இந் நாட்டு இளைஞர் பலர்க்கும் கிட்டல் வேண்டுமென அவர் விழைந்தார். 1906 இல் தொடங்கிய பல்கலைக்கழக இயக்கத்துக்கு அவரே முதல்வர். தாய்மொழிக் கல்வியையும் அவர் வற்புறுத்தினார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதை அவர் கண்டார். 1942 இல் அது முழுப் பல்கலைக்கழகமானதைக் காண அவர் இருந்திலர்.

இனி எம் மலைநாட்டுச் செய்திக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்துத் தரும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு பெறாதவன் வேறு தோட்டஞ் செல்லல் இயலாது. புதிய துரை பழைய கடனைச் செலுத்தினாலன்றி அவனுக்கு விடுதலை இல்லை. அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினால் சிறைத் தண்டனையும் உண்டு. 1913 இல் ஓய்வு பெற்று, சேர் பட்டமும் பெற்ற அருணாசலம் 1915 இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் அமைத்து, இக் கொடுமைகளை எதிர்த்து நின்றார். அப்பணியில் அவருக்குத் துணையானவர் மலையகத் தமிழரும், அதே கேம்பிறிட்ஜில் பயின்றவருமாகிய பெரி. சுந்தரம், 1931 இல் தொழில் மந்திரியானவர். 1921 இல் துண்டு முறை ஒழிந்தது. 1919 இல் உருவான இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்ற பெருமையினும், பெயரறியாத் தொழிலாளியின் காலில் கிடந்த விலங்கை அறுக்க உழைத்த இப் பெருமையே எமக்குப் பெரிது.

இந்தியத் தலயாத்திரை சென்றிருந்தபோது, 1924 ஆம் ஆண்டு சனவரி 9 ஆந் திகதி மதுரையிலே அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதிய ஞானக் கடிதங்களைத் தொகுத்து 1927 இல் நூலாக வெளியிட்டவர் எண்பது வயது கடந்த காப்பெண்டர். மாணவப் பருவத்தில் முளைத்த நட்பு அரை நூற்றாண்டு தழைத்து, ஒருவர் மறைந்த பின்னும் கனி தந்தது.

தோட்டப் பாடசாலைகள் 1970 களில் அரசின் பொறுப்பில் வந்தன. 2005 இல் பதுளையிலே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் எழுந்தது. லயத்தில் வளரும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இன்று மலைக்கு அப்பாலுள்ள கனவன்று. கடல் கடந்து செல்வோரும் உளர். செல்லும் மாணாக்கர்க்கு யான் சொல்வது இதுவே: அங்கே உள்ளவற்றை ஆவலோடு கற்க, உம்மிடம் உள்ளவற்றை நாணாது அங்கே கூறுக, மீண்டபின், உம் தாயர் கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்கும் மலைப்பாதையை மறவற்க.