கோதாவரி கண்ட காட்டன் துரை

நம் காவிரியில் பாடம் கற்றுக் கோதாவரியில் அதனைப் பயன்படுத்திய பெருந்தகை ஸர் ஆர்தர் காட்டன். அவர்தம் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1803 மே 15இல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821இல் சென்னை ராஜதானிக்குப் பொறியியற் படை அதிகாரியாக வந்தார். கல்லணையை ஆராய்ந்து, மணற்படுகையின் மீதும் அணை நிலைக்கும் என்று தெளிந்தார். 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பு மேலணையை எழுப்பினார்.

பின்னர், பஞ்சத்தால் நலிந்திருந்த கோதாவரிக் கரைக்குச் சென்றார். ராஜமுந்திரிக்குக் கீழே தவளேஸ்வரத்தில் 1847இல் தொடங்கிய அணை 1852இல் நிறைவெய்தியது. வயலுக்குப் பாயும் கால்வாயிலேயே படகும் செல்லவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் அணையின் மேல் நீர் உயர்ந்து நிற்கும். கால்வாயில் தாழ்ந்து ஓடும். இவ்விடர் தீர்க்க அமைந்தவையே லாக்குகள். இரு கதவுகளுக்கிடையே கற்சுவர்த் தொட்டி ஒன்று உண்டு. படகு உட்புகுந்ததும் மேற்கதவை மூடிச் சிறுமதகைத் திறப்பர். நீர் வடிய வடியப் படகும் தாழும். மட்டம் ஒத்தபின் கீழ்க்கதவு திறக்கும். இவ்வாறு நெல்லேற்றிய படகுகள் காக்கிநாடா வரை சென்றன.

இந்தியாவுக்கு ரயிலினும் நீர்வழியே செலவு குறைந்தது என்று அவர் இறுதிவரை வாதாடினார். அதன்பொருட்டு 1878இல் பாராளுமன்றக் குழுவின் முன் கடுங்கேள்விகளுக்கும் விடையிறுத்தார். 1899 ஜூலை 24இல் மறைந்தார். மறு ஆண்டே ராஜமுந்திரியில் கோதாவரியின் மீது ரயில் பாலம் திறக்கப்பட்டது. காலப்போக்கில் ரயிலும் சாலையும் படகுகளின் சரக்கைக் கவர்ந்தன. ரயிலின் உப்பைத் தின்னும் நாம் அவ்வழக்கில் எதிர்த்தரப்பினரே. எனினும், ஒரே நீர் உணவும் விளைத்துப் பாரமும் சுமக்கும் என்ற அவர் கணக்கைத் தவறென்று கூற நமக்கு நா எழவில்லை.

லாக்கைக் கட்டியதோடு கடமை முடிவதில்லை. வண்டல் படிந்தால் கதவு அசையாது. கதவு பொருந்தாவிடின் நீர் கசியும். ஆகவே கோடையில் கால்வாயை அடைத்துத் தூர்வாரி, மதகுகளைப் பழுதுபார்ப்பது ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணி. பழைய அணைக்கு ஈடாக 1982இல் முடிந்த புதிய கதவணை காட்டனின் பெயரையே தாங்குகின்றது. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரை நான்காம் தேசிய நீர்வழி அறிவிக்கப்பட்டபோது, அவருடைய கால்வாய்களும் அதில் இடம்பெற்றன.

கோதாவரிக் கரை ஊர்களில் அவருக்குச் சிலைகள் பல உள. மே 15இல் மாலையும் சூட்டுகின்றனர். அம்மாலையுடன், தூர்ந்த லாக்கு ஒன்றையேனும் ஆண்டுதோறும் சீர்செய்தால், அதுவே அவர் உவக்கும் காணிக்கையாகும்.