கம்மந்தான் கான் சாகிப்

மருதநாயகம் என்று சொன்னவுடனே நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது சினிமாதான். 1997-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தே வந்து தொடக்க விழா நடந்த படம், பாதியிலே நின்று போச்சு. படம் வராவிட்டால் என்ன, அந்த மனிதனின் கதை படத்தைவிடப் பெரிசு.

ராமநாதபுரம் சீமையில் பனையூர் என்ற கிராமத்தில் 1725-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. இளம் வயதிலேயே ஊரைவிட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, முகமது யூசுப் கான் ஆனார். பிழைப்பு, சிப்பாய் வேலை. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு முகமது அலியும் சந்தா சாகிப்பும் அடித்துக்கொண்ட காலம் அது. முகமது அலிக்கு ஆங்கிலக் கம்பெனி துணை, சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. யூசுப் கான் கம்பெனிப் படையில் கிளைவிடமும், பிறகு லாரன்சிடமும் வேலை பார்த்தார். திருச்சிக் கோட்டை முற்றுகையில் சிக்கித் தவித்தபோது, எதிரிகளுக்கு நடுவே புகுந்து தானியம் ஏற்றிய மாடுகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முக்கியமானவர் இவர். அன்றைக்கு அந்தத் தானியம் வராமல் போயிருந்தால் முகமது அலி நவாப்பே ஆகியிருக்க முடியாது. இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

1754-ல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தார். கமாண்டன்ட் என்ற சொல்தான் நம்ம ஜனங்கள் வாயில் கம்மந்தான் ஆனது. உயர்ந்தால் பொறாமை வராமல் இருக்குமா? மைசூர்க்காரர்களோடு சேர்ந்து திருச்சியைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்பது போல ஒரு கடிதம் முகாமில் கிடந்தது. யூசுப் கானைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். விசாரித்துப் பார்த்தால், அது லாரன்சின் துபாஷி செய்த மோசடி! அந்தத் துபாஷியைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். யூசுப் கானின் மதிப்பு முன்னைவிடக் கூடிப் போச்சு.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே இருந்து அவன் படையைத் தூங்கவிடாமல் அடித்தவர் யூசுப் கான். பக்கத்தில் நின்று போரிட்ட ஆங்கில அதிகாரி பிரஸ்டன். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினான்.

அதே வருஷம் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு ஐந்து லட்சம் குத்தகைக்கு இவர் கைக்கு வந்தன. கோட்டையைப் பழுது பார்த்தார், படையைப் பெருக்கினார், கொள்ளையை அடக்கினார். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நெற்கட்டும்செவல் பூலித்தேவரை 1761-ல் தோற்கடித்து விரட்டியதும் இதே யூசுப் கான்தான், அதுவும் கம்பெனிக்காக. மேடையில் இருவரையும் ஒரே மூச்சில் புகழ்ந்துவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சண்டை வந்தது எங்கே? சீமை யாருடையது என்ற கேள்வியில். தன் வேலைக்காரன் தன்னைவிடப் பெரியவனாகிறானே என்று நவாப் முகமது அலிக்கு வயிற்றெரிச்சல். வருஷம் ஏழு லட்சம் தருகிறேன், குத்தகையை நீட்டுங்கள் என்று யூசுப் கான் கேட்டும் மறுத்துவிட்டார்கள். இனி அவர் நவாப்புக்குத்தான் கட்டுப்பட வேண்டும் என்பது கம்பெனியின் முடிவு. தான் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றிய ஆளிடம் போய்க் கைகட்டி நிற்பதா? முடியாது என்றார்.

1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. அவருடைய கெட்ட நேரம் பாருங்கள், அந்த பிப்ரவரியிலேயே பாரிஸில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டார்கள். அவர் நம்பிய உதவி வரவே இல்லை.

முற்றுகை ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தது. முதல் தடவை வந்தவர்கள் மழையில் பின்வாங்கினார்கள். சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்க: அந்தக் கோட்டை மதில்கள் பின்னாளில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டன. இன்றைய வெளி வீதிகளில் நடந்தாலே கோட்டையின் சுற்றளவு புரிந்துவிடும். 1764 ஜூன் 26-ல் கம்பெனிப் படை மதிலேறப் பார்த்துப் பெரும் அடி வாங்கியது. அன்று பட்ட காயத்தில் இறந்தவர்களில் ஒருவர், சென்னையில் கூட நின்ற அதே பிரஸ்டன்.

பீரங்கியால் முடியாததைப் பசி முடித்தது. வழிகளை அடைத்தார்கள், உள்ளே உணவு தீர்ந்தது. யூசுப் கானுக்குக் கோபம் முற்றி, தன் பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்தையே சாட்டையால் அடித்தார் என்கிறார்கள். அந்த மர்ச்சாந்தும், திவான் சீனிவாச ராவும், பாபா சாகிப்பும் சேர்ந்து, அக்டோபர் 13-ல் அவர் தொழுகையில் இருந்தபோது பாய்ந்து கட்டிப்போட்டு, எதிரியிடம் ஒப்படைத்தார்கள். இரண்டே நாளில், 1764 அக்டோபர் 15 அன்று, நவாப்பின் உத்தரவுப்படி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் தூக்கிலிட்டார்கள். செத்த பிறகும் பயம் தீரவில்லை, உடலைத் துண்டாக்கித் தலையையும் கை கால்களையும் வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

நவாப் முகமது அலி 1795 வரை இருந்தார், கழுத்துவரை கடனோடு. 1801-ல் கர்நாடகச் சீமையின் ஆட்சியையே அவர் வாரிசிடமிருந்து கம்பெனி எடுத்துக்கொண்டது.

மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கிறது, வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவர் உடல் அடங்கிய பள்ளிவாசலைக் கேட்டால், அந்தத் தெருப் பிள்ளைகளே வழி காட்டுவார்கள்.